பெயரும் பெயரனும்

மன்ற மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று நம் செயலாளர் என்னைக் கேட்டபோது, கூடவே ஒரு வேண்டுகோளும் விடுத்தார். "கட்டுரை எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கட்டும். பெயரை மட்டும் சற்று மாற்றிக்கொள்ளலாமே! தமிழ் மன்றத்து மலர் அல்லவா? நல்ல தமிழ்ப் புனைபெயர் ஒன்று சூட்டிக்கொண்டால் பொருத்தமாக இருக்கும்" என்றார்.

அவர் என்னைப் புண்படுத்த எண்ணிச் சொல்லவில்லை. அன்பு மிக்கவர், தமிழ்ப் பற்று அதனினும் மிக்கவர். வேதாசலம் மறைமலையடிகள் ஆனதையும், சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனதையும் எடுத்துக்காட்டினார். அப்பெருமக்களை நானும் போற்றுகிறவன். ஆகவே உடனே மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

என் பெயர் ஜைனுத்தீன்.

அன்றிரவு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஜைன்' என்றால் அணி, அழகு. 'தீன்' என்றால் நெறி. சிறு வயதில் எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் சொன்னது நினைவில் இருந்தது. 'நெறியணி' என்று எழுதிப் பார்த்தேன். அறைத்தோழர் எட்டிப் பார்த்து, "காலணி, மேலணி என்பது போல் இருக்கிறதே!" என்று சிரித்தார். 'அறவழகன்' என்று எழுதினேன். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா என்ற ஐயம் எழுந்தது. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

உண்மையை ஒளிப்பானேன்? பெயரை மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்குப் புதியதன்று. இந்தப் பெயரோடு நான் பட்ட பாடு கொஞ்சமன்று. பள்ளியில் படித்தபோது அதன் பின்பாதி என் தோழர்களுக்கு மாட்டுத் தீனியையே நினைவூட்டியது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் "தீனி வந்துவிட்டது" என்று ஒரு குரல் எழும். பின்னர் ஓர் அலுவலகத்தில் என் பெயரை இரண்டாக வெட்டி, 'ஜைனு' என்பதை என் பெயராகவும் 'தீன்' என்பதைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தீன் என்று எவரும் இல்லை என்று சொல்லி அதைத் திருத்துவதற்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். தேர்வுச் சீட்டு ஒன்றில் 'ஷைனுதீன்' என்று அச்சாகி வந்தது. ஓரெழுத்துத்தானே என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஓரெழுத்து செய்த கேட்டைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவர் மட்டும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. அவர் வாப்பாவைப் பெற்ற உம்மா; வாப்பும்மா என்போம். அவருக்கு நான் என்றும் 'ராசா'தான். அதற்குக் காரணம் செல்லம் மட்டுமன்று. என் பெயர் என் பாட்டனாரின் பெயர். கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பெண்களின் வழக்கம். இதில் இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடு இல்லை. அந்தப் பெயரே எனக்கும் வந்துவிட்டதால், என்னைக் கூப்பிடவும் அவரால் முடியாமற் போயிற்று. கணக்கெடுக்க வந்தவர்கள் "உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்று கேட்டால், என்னைக் கைகாட்டி, "இவன் பேருதான்" என்பார். நான்தான் சொல்லவேண்டும். பாட்டனார் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

இந்நிலையில்தான் சென்ற திசம்பரில் நம் மன்றத்தார் கொச்சிக்குச் சுற்றுலா சென்றோம். எர்ணாகுளத்தில் படகேறி, ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் போனோம். கொச்சி என்றதும் எனக்கு ஒரு தனி ஆவல் உண்டு. என் பெயரைத் தாங்கிய பெரியவர் ஒருவர் அந்த ஊரில் பிறந்தவர் என்று வாப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மட்டாஞ்சேரி, பெயர்களைப் பற்றி எண்ணுவதற்கென்றே அமைந்த ஊர் போலும்! முதலில் அரண்மனையைப் பார்த்தோம். போர்த்துக்கீசியர் ஏறத்தாழ 1555-ஆம் ஆண்டில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது அது. 1663-க்குப் பின் டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தார்கள். கட்டியவர் பெயர் போய், பழுதுபார்த்தவர் பெயர் நின்றுவிட்டது. 'டச்சு அரண்மனை' என்றே இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள்.

அடுத்தது யூதர்களின் தொழுகைக்கூடம். 1568-ஆம் ஆண்டில் எழுந்தது. 'பரதேசிப் பள்ளி' என்று அதற்குப் பெயர். நம் நண்பர்கள் சிலர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். தமிழில் பரதேசி என்றால் பிச்சை எடுப்பவன் என்றல்லவா இன்று பொருள்? ஆனால் பிற தேசத்திலிருந்து வந்தவர் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூதர்களை, முன்பே இங்கு வாழ்ந்த யூதர்களிடமிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது. வந்தவர்கள் இங்கேயே வீடு கட்டினார்கள், மணம் முடித்தார்கள், மலையாளம் பேசினார்கள், இங்கேயே அடக்கமானார்கள். நானூறு ஆண்டு ஆகியும் பரதேசி என்ற பெயர் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. இன்று அத்தெருவில் அம்மக்களைக் காண்பதே அரிது. எல்லாரும் சிரித்தபோது எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எத்தனை தலைமுறை கழிந்தால் ஒரு மனிதன் ஓர் ஊருக்கு உரியவன் ஆகிறான் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

நண்பர்கள் ஏலமும் மிளகும் விற்கும் கடைகளுக்குள் நுழைந்தபோது, நான் விடைபெற்றுக்கொண்டு ஓர் ஆட்டோவில் ஏறினேன். "ஜைனுத்தீன் மக்தூம் பிறந்த இடம், பழைய பள்ளி" என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். ஓட்டுநர் தலையசைத்தார். ஐந்து நிமிடத்தில் குஜராத்தித் தெருவில், புறாக்கள் கூட்டம் கூட்டமாய் வட்டமிடும் ஒரு வெண்ணிறக் கோயில் முன் இறக்கிவிட்டார். அது சமணர் கோயில். நான் சொன்ன 'ஜைனு' அவர் காதில் 'ஜைன' என்று விழுந்திருக்கிறது! புலன்களை வென்றவர் என்னும் பொருள் தரும் 'ஜின' என்ற வடசொல்லிலிருந்து வந்தது ஜைனம். என் பெயரோ அரபுச் சொல். இரண்டுக்கும் எள்ளளவும் உறவில்லை. என் பெயரின் துன்பப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது என்று எண்ணி, ஓட்டுநரோடு நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் அந்தத் தவறு என்னைச் சிந்திக்கவும் வைத்தது. 'பள்ளி' என்று நான் சொன்னேன். பழந்தமிழில் பள்ளி என்பது சமண முனிவர் உறைவிடத்துக்குப் பெரிதும் வழங்கிய சொல் அன்றோ? அச்சொல்லே இன்று தமிழ்நாட்டில் முஸ்லிம்களின் தொழுகை இடத்துக்கும், மாணவர் பயிலும் இடத்துக்கும் பெயராகிவிட்டது. கேரளத்தில் கிறித்தவர் கோயிலும் பள்ளி. யூதர் கோயிலும் பள்ளி. ஒரு சொல் எத்தனை மதத்தாருக்குக் கூரை ஆகியிருக்கிறது! 'இது சமணர் சொல், பிறர் தொடாதீர்' என்று எவரும் வழக்காடவில்லை.

மீண்டும் வழி கேட்டுக் கொச்சங்ஙாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். 'கொச்சு அங்ஙாடி', அதாவது சிறிய அங்காடி. அங்கே 'செம்பிட்ட பள்ளி' என்ற தொன்மையான பள்ளிவாசல் இருக்கிறது. கூரையில் செம்புத் தகடு வேய்ந்ததனால் வந்த பெயர். செம்பு இட்ட பள்ளி; ஒரு தமிழனுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டுமா? மரத்தில் நுட்பமாகச் செதுக்கிய வேலைப்பாடுகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே சென்று அஸர் தொழுகையை முடித்தேன்.

வெளியே வந்தபோது திண்ணையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "பேரெந்தா, மோனே?" என்றார்.

"ஜைனுத்தீன்."

"நாடு?"

"கீழக்கரை. தமிழ்நாடு."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ நம்முடெ ஆளு தன்னெ!" என்றார்.

தமிழ் மன்றத்தில் என் பெயரைக் கேட்டு, நம்மவனா என்று ஐயுற்றார்கள். இங்கே பிற மாநிலத்தில், பிற மொழி பேசும் ஒருவர், என் பெயரையும் ஊரையும் சேர்த்துக் கேட்டு, நம்மவன்தான் என்கிறார். இது என்ன புதுமை? அந்தப் பெரியவர் தெருவைக் கைகாட்டிச் சொன்னார்: மக்தூம் பிறந்தது இந்தக் கொச்சங்ஙாடியில்தான், அவருடைய முன்னோர் உங்கள் கரையிலிருந்து வந்தவர்கள்.

ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடத் தொடங்கினேன். அங்கு அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் 1467-ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையின் உடன்பிறந்தாரோடு பொன்னானிக்குச் சென்றார். பின்னர் மக்காவிலும் கெய்ரோவிலும் கற்றுத் திரும்பி, பொன்னானியில் பெரிய பள்ளியை நிறுவிக் கல்வி புகட்டினார். பொன்னானி 'மலபாரின் சிறிய மக்கா' என்று பெயர் பெற்றது அவராலும் அவர் வழியினராலுமே. 1522-ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். 'மக்தூம்' என்பதற்குப் பிறரால் பணிவிடை செய்யப்பெறுபவர், தலைவர் என்பது பொருள். அவர் வாழ்நாளிலேயே போர்த்துக்கீசியர் வந்தனர்; 1500-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் கப்பல் கொச்சியைத் தொட்டது; 1503-இல் கோட்டை எழுந்தது. அவர்களுடைய கொடுமையை எதிர்த்து நிற்குமாறு மக்களை அழைத்து அரபு மொழியில் அவர் ஒரு செய்யுள் நூலே இயற்றினார்.

இவருடைய முழுப்பெயரைக் கண்டபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'ஜைனுத்தீன் இப்னு அலீ இப்னு அஹ்மத் அல்-மஅபரி' என்று இருந்தது. 'இப்னு' என்றால் மகன். அஹ்மதின் மகன் அலீ. அலீயின் மகன் ஜைனுத்தீன். கடைசியில் நிற்பது ஊர்ப்பெயர். தமிழ் படிக்கும் நமக்கு இந்த அமைப்பு புதியதா? 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்றும், 'காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார்' என்றும் நாம் மனப்பாடம் செய்யவில்லையா? ஊர், தந்தை, பெயர் என்று நாம் சொல்வதை, பெயர், தந்தை, ஊர் என்று அரபியர் திருப்பிச் சொல்கிறார்கள். அவ்வளவே.

சரி, அந்த ஊர் எது? 'மஅபர்' என்பது அரபு நிலநூலார் சோழ, பாண்டியக் கடற்கரைக்கு இட்ட பெயர். 'கடக்கும் இடம்' என்பது சொற்பொருள். மார்க்கோ போலோ குறிப்பதும் அதுவே. 14-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நடந்த சுல்தான் ஆட்சியை வரலாற்று நூல்கள் 'மாபார்' ஆட்சி என்பதும் அதனாலேயே. காயல்பட்டினமும் கீழக்கரையும் அந்தக் கரையில் உள்ளவை. மக்தூமின் முன்னோர் யமன் நாட்டிலிருந்து அங்கு வந்து, பின் கொச்சிக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது அக்குடும்ப வரலாறு. ஆக, கொச்சியில் பிறந்து, பொன்னானியில் வாழ்ந்து, அரபியில் எழுதிய அந்தப் பேரறிஞர், தம் பெயரின் முடிவில் தமிழ்க் கரையைச் சுமந்தே வாழ்ந்திருக்கிறார். எந்தப் பெயரைத் தமிழன் பெயரன்று என்று நான் கழற்றி வைக்க நினைத்தேனோ, அந்தப் பெயர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டைத் தன் ஊர் என்று உலகுக்குச் சொல்லியிருக்கிறது!

தமிழில் 'பெயர்' என்ற சொல்லுக்கே இடம் விட்டு நகர்தல் என்ற பொருளும் உண்டு. மனிதன் குடிபெயர்ந்தால் அவனோடு பெயரும் பெயர்கிறது.

இனி என் பெயரின் பொருளுக்கு வருகிறேன். 'ஸைன்' என்ற அரபுச் சொல்லின் முதலெழுத்து தமிழில் இல்லாத ஓர் ஒலி. அதனால்தான் சிலர் ஜ என்றும், சிலர் ஸ என்றும், சிலர் ச என்றும் எழுதுகிறோம். அதே வேரிலிருந்து பிறந்தவை, அணிகலன் என்னும் பொருளுள்ள 'ஸீனத்' என்ற சொல்லும், நாம் ஜீனத் என்று பெண்களுக்கு இடும் பெயரும். முடிதிருத்துபவரை அரபியில் 'முஸய்யின்' என்பார்கள். அணிசெய்பவர் என்று பொருள். எவ்வளவு கண்ணியமான சொல்! இனி, ஸைன் என்பதற்கு எதிர்ச்சொல் என்ன தெரியுமா? 'ஷைன்'. அதன் பொருள் இழுக்கு, மானக்கேடு. தேர்வுச் சீட்டில் ஓரெழுத்துத்தானே என்று நான் விட்டது இதைத்தான். நெறிக்கு அணியாக நுழைய வேண்டியவன், நெறிக்கு இழுக்காகத் தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறேன்! மதிப்பெண்ணும் ஏறத்தாழ அப்படித்தான் வந்தது.

'தீன்' என்பது சமயம், வாழ்நெறி. தமிழில் 'நெறியின் அணி' என்போம். அரபியில் 'அணி, நெறியின்' என்று முறை மாறி நிற்கும். நடுவில் உள்ள 'உ' எழுவாய்க்குரிய ஈறு. அதன்பின் 'அல்' என்ற சுட்டு வருகிறது. அல் என்பதன்முன் தகரம் வந்தால், லகரம் கெட்டுத் தகரம் இரட்டிக்கும்: அல் + தீன், அத்தீன். நம் புணர்ச்சி இலக்கணத்தில் அல் + திணை, அஃறிணை ஆகவில்லையா? லகரத்துக்கும் தகரத்துக்கும் அரபியிலும் ஒத்துப்போகவில்லை, தமிழிலும் ஒத்துப்போகவில்லை. ஆபிதீன் என்ற சொல் வந்தால் லகரம் கெடாது. ஸைனுல் ஆபிதீன் என்று நிற்கும், நம் கல்லணையைப் போல. ஆகவே என் பெயரை 'ஜைனு' என்றும் 'தீன்' என்றும் வெட்டுவது, அஃறிணையை அஃ என்றும் றிணை என்றும் வெட்டுவதற்கு ஒப்பாகும். இதை அந்த அலுவலகத்தில் அன்றே சொல்லத் தெரியாமற் போயிற்றே என்று இப்போது வருந்துகிறேன்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. முற்காலத்தில் இத்தகைய பெயர்களைப் பிறந்த குழந்தைக்கு இடுவதில்லை. இவை பட்டங்கள். 10-ஆம் நூற்றாண்டில் அப்பாசிய கலீஃபாக்கள் சிற்றரசர்களுக்கு 'அரசின் தூண்' என்பது போன்ற சிறப்புப் பெயர்களை வழங்கினார்கள். பிறகு 'தீன்' என்று முடியும் பட்டங்கள் பெருகின. சிலுவைப் போரில் புகழ்பெற்ற சலாஹுத்தீனின் இயற்பெயர் யூசுஃப். ஜலாலுத்தீன் ரூமியின் இயற்பெயர் முகம்மது. வழிபடுவோரின் அணி என்னும் பொருள்பட 'ஸைனுல் ஆபிதீன்' என்று போற்றப்பட்ட, நபிகளாரின் கொள்ளுப்பேரர் அலீ. அறிவாலும் ஒழுக்கத்தாலும் ஒருவர் உயர்ந்த பின், உலகம் பார்த்து வழங்கியவை இப்பெயர்கள். நன்னூல் படித்த நமக்கு இதைச் சொல்ல ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது. அவை காரணப்பெயர்கள். காலம் செல்லச் செல்ல, பெற்றோர் அப்பெருமக்களை நினைத்துத் தம் குழந்தைகளுக்கு ஏழாம் நாளிலேயே அப்பெயர்களை இட்டார்கள். காரணப்பெயர் இடுகுறிப்பெயர் ஆயிற்று.

மக்தூமின் கதையிலும் இதற்குத் தொடர்ச்சி உண்டு. அவருடைய பேரர் ஒருவர் இருந்தார், இயற்பெயர் அஹ்மத். அவரும் ஜைனுத்தீன் மக்தூம் என்றே அழைக்கப்பட்டார். 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்ற வரலாற்று நூலை எழுதியவர் இவரே. 1498 முதல் 1583 வரை போர்த்துக்கீசியர் மலபாரில் செய்தவற்றை அது விரிவாகச் சொல்கிறது. இவர் எழுதிய 'ஃபத்ஹுல் முயீன்' என்ற சட்ட நூல் இந்தோனேசியா வரை சென்று இன்றும் பாடமாக ஓதப்படுகிறது. பாட்டனாரையும் பேரரையும் ஒருவரென மயங்கியவர்களும் உண்டு.

மயங்குவதில் வியப்பில்லை. தமிழில் 'பேரன்' என்பது 'பெயரன்' என்பதன் மரூஉ அன்றோ? பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். வேறு எத்தனை மொழியில் ஓர் உறவுமுறைக்கு இப்படிப் பெயரையே பெயராக வைத்திருக்கிறார்கள் என்று நான் அறியேன். பொன்னானிப் பேரர் பாட்டனார் பெயரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. அப்பெயருக்கு இரண்டாம் முறை காரணம் தேடித் தந்தார்.

இந்தப் பெயர் போன ஊர்களுக்குக் கணக்கில்லை. கால்பந்து வீரர் ஸினதின் ஸிதான் பெயரும் இதே பெயர்தான். அல்ஜீரியப் பெற்றோர் இட்டது, பிரெஞ்சு எழுத்தில் அப்படி ஆயிற்று. 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தலையால் இரண்டு கோல் அடித்தவர், 2006 இறுதி ஆட்டத்தில் அதே தலையால் எதிரணி வீரரை முட்டி வெளியேறினார். அணியும் இழுக்கும் ஒரே தலையில்! இந்தோனேசிய எழுத்தாளர் ஹம்கா 1938-இல் எழுதிய புகழ்பெற்ற புதினத்தின் தலைவன் பெயரும் ஜைனுத்தீன். தந்தை ஓர் இனம், தாய் ஓர் இனம். தந்தையின் ஊருக்குப் போனால் அயலான் என்று ஒதுக்கப்படுகிறான். அதைப் படித்தபோது என் நிலை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நம் நாட்டுக்கு வந்தால், குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாமின் தந்தையார் இராமேசுவரத்து ஜைனுலாப்தீன். ஆபிதீன் ஆப்தீன் ஆனது எங்கள் கடற்கரைத் தமிழ் செய்த வேலை. எங்கள் கீழக்கரையில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, உமறுப் புலவரைப் புரந்த வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர். இப்படிச் சொன்னால் யாருக்குத் தெரியும்? 'சீதக்காதி' என்றால் தமிழகம் முழுவதும் தெரியும். மாண்ட பின்னும் கொடுத்தவன் என்று அவனை ஊர் போற்றும். சீதக்காதி என்பது தமிழ்ப் பெயரா, அரபுப் பெயரா என்று எவராவது கேட்டதுண்டா?

பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். இத்தனை அறிந்த பின்னும் என் உள்ளம் முழுவதும் தெளிந்துவிடவில்லை. நண்பர்களின் அன்பையும் தள்ள முடியவில்லை. புத்தகத்துக்குள் 'அறவழகன்' இன்னும் இருந்தான். ஒருநாள் மாலை வாப்பும்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மலரில் எழுதப் போவதையும், வேறு பெயர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் ராசா, இந்தப் பேருக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லை. கேட்கிறவங்களுக்குப் புரியல்லே" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் மரியாதைக்காகச் சொல்லாம இருக்கேன். நீ எதுக்காகச் சொல்லாம இருக்கப் போறே?" என்றார்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு நெஞ்சில் ஏதோ வந்து அடைத்தது. நூலகத்தில் நான் வாரக்கணக்கில் தேடியதை, எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு கிழவி ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

வாப்பும்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அரபுத்தமிழ் தெரியும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில்தான் எங்கள் கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நூல்கள் படித்தார்கள். அந்தத் தாளை எடுத்தேன். 'அறவழகன்' என்பதற்குக் கீழே அரபு எழுத்தில் என் பெயரை எழுதி அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தினார். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. கடைசி எழுத்துக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. பிறகு தாளை நான்காக மடித்துத் தம் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

நண்பர்களே, தனித்தமிழில் பெயர் சூட்டிக்கொள்வதை நான் குறை கூறவில்லை. மறைமலையடிகள் தாம் விரும்பி ஏற்ற பெயருக்கு வாழ்நாள் முழுதும் உழைத்துக் காரணம் தேடித் தந்தார். என் பாட்டனார் கடலில் படகு விட்டுப் பிழைத்தவர். பெரும் புலமை உடையவர் அல்லர். ஆயினும் அரை நூற்றாண்டு உடன் வாழ்ந்த ஒருவர், வாயால் சொல்லவும் தயங்கும் அளவுக்கு அவர் பெயருக்கு மதிப்பு இருந்தது. அதுவும் ஒரு காரணப்பெயர்தானே! அவருடைய பெயரன் நான். எனக்கு அது இன்னும் இடுகுறியாகவே இருக்கிறது. அதைக் காரணப்பெயர் ஆக்குவது என் வேலை. வேறு பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டால் அந்த வேலை நடக்காது.

செயலாளர் அவர்களே, நீங்கள் கேட்ட கட்டுரை இதோ. இதன் தலைப்பிலோ அடியிலோ, உங்களுக்கு வசதியான இடத்தில், 'ஜைனுத்தீன், கீழக்கரை' என்று அச்சிடுங்கள். எழுத்துப் பிழை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 'ஷ' போட்டுவிடாதீர்கள்!